அறுபது பேரும் ஒரே அசைன்மென்ட் கொடுத்தால்?

கேள்வி: ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். வகுப்பில் 60 பேர். ‘மீன்பிடித் தடைக்காலத்தின் நோக்கங்கள்’ என்று அசைன்மென்ட் கொடுத்தேன். பாதிக்கு மேல் சாட்ஜிபிடியில் எடுத்து அப்படியே கொடுத்திருக்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி நியாயமாக மார்க் போடுவது?

பதில்: முதலில் கேள்வியை மாற்றுங்கள், ஆளைப் பிடிப்பதை அப்புறம் பார்க்கலாம். இந்தத் தலைப்புக்கு யார் எழுதினாலும் ஒரே விடைதான் வரும். முன்பு கைடைப் பார்த்து எழுதினார்கள், அவ்வளவுதான்.

மென்பொருள் ‘இது இயந்திரம் எழுதியது’ என்று காட்டுவதை நம்பிப் பூஜ்யம் போடாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட அப்படியொரு கருவியை, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் சொந்தமாக எழுதியதையும் இவை தவறாகக் காட்டுகின்றன. நம் பிள்ளைகள்தான் மாட்டுவார்கள்.

சரி, என்ன கேட்கலாம்? பாம்பன், தொண்டி, கீழக்கரை என்று அவரவர் ஊரில் கரைக்கு வரும் சூடையோ காரலோ, ஒரே இனத்தில் 20 மீனை மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்கச் சொல்லுங்கள். எந்த வலை, அதன் கண்ணி (ஓட்டை) அளவு என்ன என்றும் விசாரித்து எழுதட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் 61 நாள் நின்றாலும் நாட்டுப்படகில் மீன் வரும், அதனால் எந்த செமஸ்டருக்கும் சரிப்படும். அந்த இனம் முதன்முதலில் முட்டையிடும் நீளத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள். அதை எட்டாத மீன் எத்தனை, ஏன் வலையில் விழுந்தது என்று ஒரு பக்கம் எழுதவேண்டும். உட்கார்ந்த இடத்தில் இட்டுக்கட்டிய எண்கள் 12, 12.5, 13 என்று சீராக நிற்கும். அளந்தவர் தாளில் 11.3-ம் 12.8-ம் கலந்து கிடக்கும், வால் முறிந்த மீனைத் தள்ளியதாக ஒரு குறிப்பும் இருக்கும். ஆனால் இதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. விடியற்காலையில் கரைக்குப் போக வீட்டில் விடாத மாணவிகள் இருப்பார்கள், பரமக்குடியிலிருந்து பஸ்ஸில் வருபவர்களும் இருப்பார்கள். அவர்கள் மார்க்கெட்டில் அளக்கலாம், இல்லையென்றால் துறையே மீன் வாங்கி லேபில் வைக்கலாம். கரைக்குப் போனதற்கென்று தனி மார்க் கூடவே கூடாது. பத்து மார்க்கில் அளவுப் பட்டியலுக்கு 2, விளக்கத்துக்கு 4, நேரில் கேட்பதற்கு 4 என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

நேரில் கேட்பது எல்லோரிடமும் நடக்கவேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் மொத்தம் மூன்று மணி நேரம், பிராக்டிகல் வகுப்புகளிலேயே முடித்துவிடலாம். “மிகச் சிறிய மீன் எது? அதை எடுத்துவிட்டால் உன் முடிவு மாறுமா?” இது போதும். தமிழில் சொல்லட்டும், தன் தாளைப் பார்த்துக்கொண்டே சொல்லட்டும்.

இப்போது கையில் இருக்கும் தாள்களுக்கு, விதி முன்பே சொல்லாததால் தண்டனை வேண்டாம். ஒரு பீரியடில், போனை வெளியே வைத்துவிட்டு, அதே பாடத்தில் மூன்று சிறு கேள்விகளுக்கு 60 பேரையும் எழுதச் சொல்லுங்கள். சந்தேகப்பட்டவர்களை மட்டும் தனியே உட்காரவைக்காதீர்கள். அந்த மார்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.