மருந்துச் செடி ஆராயப் போறேன் என்கிறாள் மகள், விடலாமா?

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். மகள் உயர்தரத்தில் பயோ, மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) காணாது. இப்போது "எங்கட செடிகளுக்குள்ள என்ன மருந்து இருக்கெண்டு ஆராயப் போறன்" என்று நிற்கிறாளாம். அப்பப்பா பரியாரி, அந்த ஆசைதான்.

அக்கா, வைத்தியம் பார்க்கத்தான் ஆசை என்றால் அது சித்த மருத்துவப் பட்டம். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலை வளாகத்திலும் இருக்கிறது. செடிக்குள் இருப்பதைப் பிரித்துப் பார்க்க ஆசை என்றால் அது இரசாயனம். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறை பிரயோக விஞ்ஞான பீடத்திலோ பி.எஸ்சி கிடைத்தால் இரசாயனத்தை விடவே கூடாது. படிப்பு ஆங்கிலத்தில், அதற்கு இப்போதே தயாராகட்டும். இலையை நிழலில் காயவைத்து, பொடித்து, கரைப்பானில் ஊறவிட்டு, வடித்து, சிலிக்கா பூசிய தட்டில் ஒரு துளி வைத்து, தட்டில் கரைப்பானை ஏறவிட்டு, பிரிந்து நிற்கும் புள்ளிகளைப் புற ஊதா விளக்கில் பார்ப்பது, அதையே திரும்பத் திரும்பச் செய்வது, இதுதான் அன்றாட வேலை. இதில் சலிக்காத பிள்ளையா என்று பாருங்கள்.

வேலை விஷயத்தை மறைக்க மாட்டேன். நாவின்ன ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம், ஹந்தானை அடிப்படை ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் இடம் கொஞ்சம்தான், மேற்படிப்பும் வேண்டும். ஆனால் இரசாயனம் தெரிந்தவளுக்கு மருந்து, உணவுக் கம்பனிகளின் தரப் பரிசோதனைக் கூடங்களும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. அதனால்தான் பட்டம் இரசாயனத்தில் இருக்கட்டும் என்கிறேன்.

போகட்டும் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. கொத்தல ஹிம்புட்டு என்ற மருந்துக் கொடியின் கட்டையில் குவளை கடைந்து, இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சீனி வருத்தத்துக்குக் குடிப்பது நம் நாட்டு வழக்கம். அதிலிருந்து சலாசினோல் என்ற பொருளை 1997இல் பிரித்துக் காட்டியவர்கள் ஜப்பான் ஆய்வாளர்கள். அந்த வேலையை நம் பிள்ளைகள் இங்கேயே செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை.

அப்பப்பா சொல்வதை இப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள், செய்முறையோடு. சீனாவில் தூ யூயூ என்ற ஆய்வாளர் மலேரியா மருந்து தேடியபோது, ஒரு செடியைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு சரிவரவில்லை. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழி என்று ஒரு பழைய வைத்திய நூலில் இருந்த வரியைப் பார்த்துத்தான் குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானில் எடுத்தார், மருந்து கெடாமல் வந்தது. 2015இல் நோபல் பரிசு. ஆகவே 'இடித்துப் பிழி, அவிக்காதே' என்று அப்பப்பா சொன்னால் அந்தச் சொல்லையே எழுத வேண்டும்.

அப்புறம், ஒவ்வொரு செடியிலும் பூவும் காயும் உள்ள கிளை ஒன்றைப் பழைய பேப்பருக்குள் வைத்து அழுத்தி, பறித்த இடமும் திகதியும் குறிக்கட்டும். கீழ்காய்நெல்லியில் இருந்தே தொடங்கலாம். தென்னைக்குக் கீழே ஒன்றுபோலவே இரண்டு மூன்று இனம் முளைத்திருக்கும். அப்பப்பா எதைப் பிடுங்குகிறார், எதை விடுகிறார் என்று பக்கத்தில் குந்தியிருந்து பார்க்கட்டும்.