கணக்குப்பிள்ளைகளின் ஆட்டம்

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டுக்கு நியூ ஜெர்சி வந்திருக்கிறேன். ஏப்ரல் 15 அன்று மருமகன் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். மைதானத்தில் அத்தனை பேர் முதுகிலும் 42 என்ற ஒரே எண். எதிரணிக்கும் அதேதான். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. தேசிய கீதமோ என்று நானும் விறைப்பாக நின்றேன். முன்வரிசையில் ஒரு பையன் 'கே' என்ற ஆங்கில எழுத்து அட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டான். அதில் சிலது கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருந்தது. நம் கிரிக்கெட்டைக் காப்பியடித்த ஆட்டம்தானே இது? இதற்கு ஏன் இத்தனை சடங்கு?

ஆர்.

அன்புள்ள ஆர்,

காப்பி என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் ஆடிய பழைய மட்டைப்பந்து விளையாட்டுகளின் வம்சத்தில் வந்தவை இரண்டும். பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் சந்தேகத்திலும் விஷயம் இருக்கிறது. பேஸ்பாலைச் சம்பளத் தொழிலாக்கியவர் ஒரு கிரிக்கெட்காரர்.

ஹாரி ரைட் பிறந்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில். அப்பா நியூயார்க்கின் செயின்ட் ஜார்ஜ் கிரிக்கெட் கிளப்பில் சம்பளத்துக்கு இருந்தவர். மகனும் அங்கே ஆடியவர்தான். 1869-ல் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியில் எல்லோருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் என்று அறிவித்தார்கள். அதுவரை காசு மேஜைக்கு அடியில்தான் கை மாறிக்கொண்டிருந்தது. அணித்தலைவர் ஹாரிக்கு ஒரு சீசனுக்கு 1200 டாலர், தம்பி ஜார்ஜுக்கு 1400. அண்ணனைவிடத் தம்பிக்கு அதிகம், ஆட்டம் அப்படி. அணியில் உள்ளூர் பையன் ஒரே ஒருவர். அந்த வருஷம்தான் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் ரயில் பாதை முடிந்திருந்தது, அதில் ஏறி சான் பிரான்சிஸ்கோ வரை போய் ஆடிவிட்டு வந்தார்கள். சீசன் முழுக்க ஒரு தோல்விகூட இல்லை.

1870 ஜூன் 14 அன்று புரூக்ளினில் அட்லாண்டிக்ஸ் அணியுடன் ஒன்பது இன்னிங்ஸ் (ஆட்டம் வழக்கமாக அவ்வளவுதான்) முடிந்தபோது 5-5. எதிரணி டிராவே போதும் என்றது. ஹாரி விடவில்லை, ஆடியே தீர்க்கவேண்டும் என்றார். பதினோராவது இன்னிங்ஸில் 8-7 என்று தோற்றார். அப்புறம் கூட்டம் குறைந்தது, அந்த சீசனோடு கிளப் சம்பளத்தை நிறுத்தியது, ஹாரி பாஸ்டனுக்குப் போய்விட்டார். எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கும். டிராவுக்குத் தலையாட்டியிருந்தால் 'தோற்காத அணி' என்ற பெயர் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்.

நீங்கள் விறைப்பாக நின்ற கதையும் இவரிடம்தான் வருகிறது. 1910-ல் அதிபர் டாஃப்ட் ஒரு ஆட்டத்தின் நடுவே எழுந்து நின்றார், மரியாதைக்காகக் கூட்டமும் எழுந்தது, அதுவே வழக்கமாயிற்று என்று கதை சொல்வார்கள். நல்ல கதைதான். ஆனால் ஏழாவது இன்னிங்ஸ் நடுவே கூட்டம் எழுந்து கைகால் நீட்டுகிறது, சிலர் நடக்கவும் செய்கிறார்கள் என்று ஹாரி 1869-லேயே ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். பலகையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவனுக்கு எழுந்து நிற்க அதிபர் வரவேண்டுமா என்ன?

இந்த ஆட்டத்தில் எப்போதும் இப்படித்தான், கதை ஒரு பக்கம் போகும், ஏடு ஒரு பக்கம் போகும். பெரிய கதை ஒன்று உண்டு. பழைய ஆட்டக்காரரும் விளையாட்டுச் சாமான் வியாபாரியுமான ஸ்பால்டிங்குக்கு, பேஸ்பால் இங்கிலாந்திலிருந்து வந்தது என்பதே பிடிக்கவில்லை. 1905-ல் ஒரு விசாரணைக் குழுவுக்கு ஏற்பாடு செய்தார். யாரோ ஒரு முதியவர் எழுதிய கடிதத்தை நம்பி, 1839-ல் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் ஆப்னர் டபிள்டே கண்டுபிடித்தார் என்று குழு தீர்ப்புச் சொன்னது. டபிள்டே அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதி. 1839-ல் அவர் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர். தீர்ப்பு வருமுன்பே இறந்துபோயிருந்தார், ஆகவே மறுக்கவும் வழியில்லை. ஆனாலும் 1939-ல் பேஸ்பாலின் பெரியவர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபத்தை அதே கூப்பர்ஸ்டவுனில்தான் திறந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த மண்டபத்தில் டபிள்டேக்கு இடமில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த ஆட்டம் என்று கடைசிவரை அடம்பிடித்த ஹென்றி சாட்விக்குக்கு இருக்கிறது.

சாட்விக்கும் இங்கிலாந்தில் பிறந்தவர்தான், எக்ஸ்டர் ஊர்க்காரர். கிரிக்கெட் நிருபராக இருந்து பேஸ்பாலுக்கு வந்தவர். ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்பதைச் சின்னக் கட்டங்களில் அடைத்துப் பத்திரிகையில் போடும் முறையை நிலைநாட்டியது அவர். பேஸ்பாலின் அசல் மரபு எதுவென்று கேட்டால் நான் அந்தக் கட்டத்தைத்தான் காட்டுவேன். நூற்றைம்பது வருஷமாக ஒரு பந்து விடாமல் கணக்கெழுதும் ஆட்டம்.

அந்த ஏட்டிலேயே ஓர் ஓட்டை இருந்தது. கறுப்பினத்தவரைச் சேர்க்கக்கூடாது என்று பெரிய லீகுகளின் விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை. எல்லாவற்றையும் எழுதிவைத்தவர்கள் இதை மட்டும் எழுதாமலேயே 1880-கள் முதல் கடைப்பிடித்தார்கள். கறுப்பின வீரர்கள் தனி லீக் நடத்தினார்கள், தனி பஸ்ஸில் ஊர் ஊராகப் போனார்கள். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் இறங்கியபோதுதான் அது உடைந்தது. அவர் முதுகில் இருந்த எண் 42. 1997-ல் அந்த எண்ணை எல்லா அணிகளிலும் ஓய்வுபெறச் செய்தார்கள், இனி புதிதாக யாருக்கும் கிடையாது என்று. முன்பே அதை அணிந்துகொண்டிருந்தவர்களில் கடைசி ஆள் மரியானோ ரிவேரா 2013-ல் விடைபெற்றார். இப்போது வருஷத்தில் ஒரு நாள் மட்டும் எல்லோருக்கும் 42. தற்செயலாக நீங்கள் அந்த நாளில் போயிருக்கிறீர்கள்.

ஜோஷ் கிப்சனைப் பற்றியும் சொல்லவேண்டும். கறுப்பின லீகுகளின் மகத்தான மட்டையாளர். ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்துபோனார். பழைய பத்திரிகைப் பக்கங்களைத் தோண்டி ஆய்வாளர்கள் அந்த லீகுகளின் கணக்கை ஆட்டம் ஆட்டமாகச் சேர்த்தார்கள். 2024-ல் அது அதிகாரபூர்வ ஏட்டில் ஏறியது. வாழ்நாள் சராசரியில், அதாவது மட்டை பிடித்த ஆயிரம் முறையில் எத்தனை முறை அடித்துத் தளத்தை எட்டினார் என்ற கணக்கில், இப்போது முதலிடம் கிப்சனுக்கு, 372. அத்தனை காலம் அந்த இடத்தில் இருந்த டை காப் இரண்டாமிடம், 367.

அந்தப் பையனின் அட்டைகளை மறந்துவிட்டேனே. 'கே' என்றால் மட்டையாளர் மூன்று ஸ்ட்ரைக்கில், அதாவது மூன்று முறை பந்தைச் சரியாக அடிக்காமல் விட்டு, அவுட். அதுவும் சாட்விக் வைத்த குறிதான். 'ஸ்ட்ரக்' என்ற சொல்லின் கடைசி எழுத்து. திருப்பிப்போட்ட 'கே' என்றால், கடைசிப் பந்துக்கு மட்டையையே வீசாமல் பார்த்துக்கொண்டு நின்று அவுட்டானவர். அடுத்த முறை மருமகனோடு போகும்போது வாசலில் ஸ்கோர் அட்டை விற்கிறார்களா என்று பாருங்கள். பென்சில் கையில் இருக்கட்டும். பேனா வேண்டாம், முதல் நாள் நிறைய அழிக்கவேண்டி வரும்.