இணைய வகுப்பில் பேச்சும் உறவும்: கேள்வி பதில்

இணையவழி வகுப்பு நடத்துவோரும் அவற்றில் பயில்வோரும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்து அனுப்பிய கேள்விகளுக்கு, ஆசிரியர் பயிற்சியில் ஈடுபட்டுள்ள நம் உறுப்பினர் அம்மையார் ஒருவர் எழுதிய பதில்கள்.

மார்த்தாண்டம், கல்லூரி ஆசிரியை: அறுபது பேர் இருக்கும் வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. என்ன செய்யலாம், அம்மா?

அறுபது பேர் முன்னிலையில் "புரியவில்லை" என்று சொல்ல எந்த மாணவரும் துணிய மாட்டார். ஆகவே அந்த மௌனத்தை அக்கறையின்மை என்று எண்ண வேண்டாம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறக்குறைய ஒரு நொடி மட்டுமே பொறுத்திருப்பதையும், அதை 3 நொடிகளுக்கு மேல் நீட்டினால் விடைகள் நீள்வதோடு தாமாக முன்வந்து பேசுவோரும் கூடுவதையும் கண்டார். மைக்கைத் திறக்கவும் கைப்பேசியில் தமிழைத் தட்டெழுதவும் நேரம் பிடிக்கும் இணைய வகுப்பில் அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும் என்பேன். எல்லாரும் விடையை எழுதி வைத்துக்கொண்டு, நீங்கள் சொல்லும்போது ஒரே நேரத்தில் அனுப்பட்டும். முதல் விடையைப் பார்த்து எழுதுவதும், தனித்துத் தெரிவோமோ என்ற கூச்சமும் இதனால் குறையும்.

ஆனால் இது பாதி மருந்துதான். தொலைநிலைக் கல்வி பற்றி மைக்கேல் மூர் 1989இல் எழுதியபோது, மாணவர் பாடத்தோடும், ஆசிரியரோடும், சக மாணவரோடும் கொள்ளும் மூவகை உறவாடலைப் பிரித்துக் காட்டினார். நம் இணைய வகுப்புகளில் மூன்றாவது அறவே இல்லை. ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, பருவம் முடியும்வரை அவற்றைக் கலைக்காமல் வைத்திருங்கள். ஒரு குழு எழுப்பும் ஐயத்துக்கு அடுத்த குழு எழுத்தில் விடை தர வேண்டும். அதன் பிறகே நீங்கள் தலையிட வேண்டும். தம் விடைக்காக இன்னொருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால்தான் மாணவர் எழுதுவார். ஆசிரியரே ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடும் வகுப்பில் மாணவர்களுக்கு ஒருவர் மற்றவரிடம் பேச வேலையே இல்லை.

குளச்சல், தனிப்பயிற்சி நடத்துபவர்: எந்தச் செயலி சிறந்தது?

உங்கள் மாணவர்களிடம் ஏற்கெனவே இருப்பது. ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்திலும், கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் மூவரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடத்திலும் கூட்டம் முடிந்துவிடும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

தக்கலை, தமிழ் ஆசிரியர்: வளைகுடா நாடுகளில் வாழும் நம் ஊர்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். பிள்ளைகள் ஒருவரோடொருவர் ஒட்டுவதே இல்லை.

முதலில் நேரத்தைப் பாருங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. சவூதி அரேபியாவும் குவைத்தும் இரண்டரை மணி நேரம். வார விடுமுறையும் வேறு: சவூதியில் வெள்ளி, சனி, அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு. பொதுவாகக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றே. நேரலையை அன்று வைத்துக்கொண்டு, மற்ற நாள்களில் அவரவர் வசதிப்படி ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்பச் சொல்லுங்கள். பாட்டியிடம் கேட்டு ஒரு மீனின் பெயர், ஒரு பலகாரத்தின் செய்முறை என்று கொண்டுவரச் செய்தால், முட்டத்துக் குடும்பத்துப் பிள்ளையும் அருமனைக் குடும்பத்துப் பிள்ளையும் தாமாகவே ஒருவரையொருவர் கேள்வி கேட்பார்கள். மலையாளச் சொல் கலந்து பேசும் பிள்ளையை எல்லார் முன்பும் திருத்தாதீர்கள். அடுத்த வாரம் அது பேசாது.

இரணியல், பள்ளி ஆசிரியர்: எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களே நிறைகின்றன.

அறிவிப்புக்கு ஒரு குழு, அதில் நிர்வாகி மட்டும் எழுதலாம், அரட்டைக்கு இன்னொன்று. எச்சரிக்கை: குழுவில் சேரும் ஒவ்வொருவரின் கைப்பேசி எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும். மாணவிகளின் எண்களை அவர்களைக் கேளாமல் பொதுக் குழுவில் கொட்டாதீர்கள்.

நாகர்கோவில், பேராசிரியர்: கேமராவை அணைத்து வைப்போருக்கு வருகைப்பதிவு கிடையாது என்று அறிவித்துள்ளேன். முகம் தெரியாத இடத்தில் உறவு எப்படி வளரும்?

அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள், ஐயா.

தூத்தூர், மாணவி: எங்கள் வீட்டில் ஒரே அறைதான். கடலுக்குப் போய் வந்த அண்ணன் உறங்கும் இடத்தில்தான் நான் வகுப்பில் உட்கார்கிறேன். கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது?

நாகர்கோவில், பேராசிரியர்: ஒருவரின் நிலையைக் காட்டி அனைவருக்கும் விலக்குக் கேட்பது முறையன்று. பெயரை வகுப்பில் விட்டுவிட்டுப் பேருந்தில் ஊர் சுற்றுவோரை நான் அறிவேன்.

குலசேகரம், மாணவியின் தாய்: நான் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவள். படத்தோடு இரண்டு வகுப்பு பார்த்தால் மகளின் அன்றைய டேட்டா தீர்ந்துவிடுகிறது, சார்.

மூவர் சொல்வதும் உண்மை. ஆனால் பேராசிரியர் சொல்லும் ஏமாற்றுக்குக் கேமரா மருந்தாகாது. முகத்தைக் காட்டிக்கொண்டே வேறு படம் பார்ப்போர் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் காஸ்டெல்லி, சர்வாரி ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், கேமராவை அணைக்க மாணவர்கள் கூறிய காரணங்களில் தம் தோற்றம் பற்றிய கூச்சம், பின்னால் வீடும் வீட்டாரும் தெரிவது, இணைப்பு வலுவின்மை ஆகியவை இடம்பெற்றன. அதே ஆண்டில் ஸ்டான்போர்டின் ஜெரமி பெய்லென்சன், ஓயாத நேருக்கு நேர் பார்வையும், தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பதும், அசையாமல் இருப்பதும் களைப்பைத் தருகின்றன என்று விளக்கினார். வருகையை அறிய வேண்டுமானால், இன்று விளங்காத ஓர் இடத்தை வகுப்பின் முடிவில் இரண்டு வரியில் எழுதி வாங்குங்கள். பேருந்தில் இருப்பவரால் அதை எழுத முடியாது. முகம் வேண்டுமானால், விரும்புவோர் மட்டும் தொடக்கத்தில் இரண்டு நிமிடம் காட்டட்டும்.

நாகர்கோவில், பேராசிரியர்: வாய்மொழித் தேர்விலும் இதே சலுகையா?

இல்லை. ஒருவரோடு ஒருவர் பேசும் தேர்வில், நேரத்தை முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் கேமராவைக் கேட்பது நியாயம். தூத்தூர் மாணவி அந்தப் பத்து நிமிடத்துக்கு இடம் தேடிக்கொள்வார். நாள்தோறும் நான்கு மணி நேரத்துக்கு அவரால் தேட முடியாது.

திங்கள்சந்தை, ஆசிரியை: எந்தச் செயலியைப் பரிந்துரைப்பீர்கள்?

குளச்சல்காரருக்குச் சொன்னதே. செயலி பற்றி இனி வரும் கேள்விகளுக்கும் அதுவே பதில்.

பேச்சிப்பாறை, மாணவர்: மழை நாளில் சிக்னல் இல்லை. வகுப்பு முடிந்த பிறகு வந்து சேரும்போது அந்நியனாக உணர்கிறேன்.

உங்கள் ஆசிரியரிடம் இதைக் காட்டுங்கள். ஒரு மணி நேரக் காணொளிப் பதிவைப் பேச்சிப்பாறையில் தரவிறக்க முடியாது. ஒலிப்பதிவும் ஒரு பக்கக் குறிப்பும் போதும், வந்துவிடும். குறிப்பை நாளொருவராக மாணவர்களே எழுதட்டும். உங்கள் முறை வரும் நாளை மழையைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். வகுப்பில் நடந்த விவாதத்தின் ஒரு கேள்வியை இரண்டு நாள் திறந்து வைத்தால், தாமதமாக வரும் உங்கள் விடைக்கும் அங்கே இடம் இருக்கும்.

அழகியமண்டபம்: இணையவழிப் பட்டத்துக்கு அரசு வேலையில் மதிப்பு உண்டா?

என் துறை அன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்வி வாரியம் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகிறது. பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள்.