கூப்பிட ஒரு சொல் இல்லாத அப்பா

கேள்வி: எனக்கு நான்கு வயதில் அப்பா தவறிவிட்டார். அம்மா தேயிலைத் தோட்டத்தின் அடுத்த டிவிசனில் ஒருவரை மறுமணம் செய்தார். அவர்களுக்கு இரண்டு மகன்கள். அவர் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை செய்தவர், பிறகு கன்று வளர்க்கிற தவறணையில் இருந்தார். பேச்சு குறைவு, சாமி பக்தி அதிகம். என் பிள்ளைகளுக்குத் தாத்தா என்றால் உயிர். போன வருடம் 76 வயதில் காலமானார். முதலாம் ஆண்டுத் திதிக்கு நினைவு மலர் எழுதும் பொறுப்பு என்னிடம். பேசவே பேசாத மனிதரைப் பற்றி என்ன எழுதுவது? பெரிய தம்பி என் பெயரை 'வளர்ப்பு மகள்' என்று போடச் சொல்கிறான். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இடம் கருதிச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டு நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா?

முதல் வேலை, மலரை அச்சகத்துக்காரர் பொறுப்பில் விட்டுவிடாதீர்கள். அவர்களிடம் எல்லாம் தயாராக இருக்கும். ஒரு பக்கம் 'அன்னை மடியில்', மறுபக்கம் 'ஆண்டவன் அடியில்', நடுவே குத்துவிளக்கு, கீழே யாருக்கும் பொருந்துகிற நாலு வரிக் கவிதை. என் அப்பாவின் கருமாதிக்கு அப்படித்தான் 'வாரி வழங்கிய வள்ளல்' என்று அச்சாகி வந்தது. அப்பாவோ மாதக் கடைசியில் கடைக்காரர் கண்ணில் படாமல் குறுக்குப் பாதையால் வீட்டுக்கு வருகிற மனிதர். அம்மா கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார்.

'சாந்த சொரூபி', 'பக்திமான்' எல்லாம் வேண்டாம். அந்தச் சொற்களில் அவர் இல்லை. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறார். வேலைவிட்டு வந்து, பீலித் தண்ணியில் குளித்து, வீட்டு முன் இஸ்தோப்பு மூலையில் விளக்கேற்றி, பிள்ளைகள் மூவரையும் வரிசையாக நிறுத்தித் திருநீறு பூசுவார். தூள் கண்ணில் விழக் கூடாதென்று இடது கையை உங்கள் புருவத்தின் மேல் குடை மாதிரிப் பிடித்துக்கொள்வார். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை. அவர் உங்களைத் தொட்டது அந்த ஒரு நேரம் மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். மலருக்கு முதல் பக்கம் அது. ஒரு சொல்லையும் அழகுபடுத்தாமல் அப்படியே கொடுங்கள்.

தவறணை வேலையையும் எழுதுங்கள். சின்னத் தம்பி பெண் எடுத்தது யாழ்ப்பாணத்தில் என்கிறீர்கள், ஆகவே 'தேயிலைக் கன்றுத் தவறணை' என்று விளக்கமாகப் போடுங்கள். அங்கே தவறணை என்றால் கள் விற்கிற இடம். ஒரு சொட்டுத் தொடாத மனிதருக்கு அந்தப் பெயர் எதற்கு? ஓர் இலையும் ஒரு கணுவுமாக வெட்டிய தண்டைப் பையில் நட்டு, வேர் பிடிக்கும்வரை நிழலும் ஈரமும் பார்த்துக் காப்பது பொறுமையான வேலை. (இதை உவமையாக்கிக் கவிதை எழுதித் தருகிறேன் என்று யாராவது நிச்சயம் வருவார்கள். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.)

அவருடைய தகரப் பெட்டியில் கிடந்த பிரஜாவுரிமைத் தாள்களெல்லாம் மலருக்குத் தேவையா என்று கேட்கிறீர்கள். தேவை. அவர் பிறந்தது 1948இல். அதே வருடம் வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், உன் தகப்பன் இங்கே பிறந்தவனா, பாட்டன் இங்கே பிறந்தவனா, அத்தாட்சி எங்கே என்று கேட்டது. தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்தவர்களிடம் ஏது அத்தாட்சி? 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று இந்திய வம்சாவளி ஆட்களை எண்ணிப் பிரித்தபோது அவருக்கு வயது 16. பிறகு அண்ணன் குடும்பம் கப்பலேறியது, இவர் நின்றுவிட்டார். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அப்போது வயது 55.

2005 ஜனாதிபதித் தேர்தலில் முதல் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தவர், ஒன்றும் பேசாமல் உங்கள் மகனிடம் மை பூசிய சின்ன விரலை நீட்டினாராம். பிள்ளை எச்சில் தொட்டு அழிக்கப் பார்க்க, தாத்தா விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாராம். இதைவிட்டு வேறென்ன எழுதப் போகிறீர்கள்?

சரி, தம்பி விஷயம். மாற்றாந்தாய் என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது, கதைகளில் அவளைத் திட்டுவதற்கென்றே. மாற்றாந்தகப்பன் என்பது அகராதியில் உண்டு, யார் வாயிலும் இல்லை. அதனால்தான் நீங்களும் இருபது வருடத்துக்கு மேல் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே காலத்தை ஓட்டியிருக்கிறீர்கள். 'சோறு போடட்டுமா', 'தேத்தண்ணி இங்க வச்சிருக்கேன்', அவ்வளவுதான். மகன் பேசத் தொடங்கியதும் அவனைச் சாக்கிட்டு நீங்களும் 'தாத்தா' என்றீர்கள். அவர் உடனே திரும்பிப் பார்த்தார். ஆகவே மலரின் தலைப்பு 'எங்கள் தாத்தா' என்றே இருக்கட்டும்.

'வளர்ப்பு' என்ற சொல் வேண்டாம். 'பிள்ளைகள்' என்று போட்டு மூவர் பெயரையும் வயது வரிசையில் எழுதுங்கள். தம்பி முறைத்தால் தகரப் பெட்டியை அவர் முன்னால் திறந்து வையுங்கள். நீ யார் மகன், அத்தாட்சி எங்கே என்று அரை நூற்றாண்டு கேட்கப்பட்ட மனிதரின் மலரில், அதே கேள்வியை அக்காவிடம் கேட்கலாமா என்று கேளுங்கள். எனக்குத் தம்பி கெட்டவராகத் தெரியவில்லை. அப்பா போன துக்கத்தில் தன் பங்கு குறைந்துவிடுமோ என்ற பயம் சிலருக்கு வரும். அவரையும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒரு வருத்தம் இருக்கிறது. கல்யாணத்தில் தாரை வார்க்க மாமாவை முன்னே அனுப்பிவிட்டு அவர் அடுப்படிப் பக்கம் போய் நின்றார் என்று. அன்று காலை உங்கள் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டதும் அவர்தான் என்று இரண்டு வரி தள்ளி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இரண்டும் ஒரே காரியமாகப் படுகிறது. ஆனாலும் அவர் சொல்லாததை நாம் அவர் வாயில் வைக்க வேண்டாம். மாலை போட்டார், பிறகு அடுப்படிக்குப் போனார் என்று மட்டும் எழுதுங்கள்.

அப்புறம், திதி நாளைக் கோயில் ஐயரிடம் கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். அது பிறைக் கணக்கு, மரணச் சான்றிதழில் உள்ள திகதியோடு பெரும்பாலும் ஒத்துவராது. படம் அடையாள அட்டையில் உள்ளது ஒன்றுதான் என்றால் அதையே பெரிதாக்குங்கள். சிரிக்கவில்லையே என்று கணினியில் திருத்தச் சொல்லாதீர்கள். நெற்றியில் திருநீறு தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.