வெயிலில் தளரும் கலப்பினப் பசுவும் மருந்துக்குச் சாகாத உண்ணியும்

கேள்வி: தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் அருகே இரண்டு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீஷியன்) கலப்பினப் பசுக்களும் ஒரு ஜெர்சி கலப்பினப் பசுவும் வைத்திருக்கிறோம். பங்குனி பிறந்ததிலிருந்து எச்.எஃப். பசுக்கள் மதியத்தில் வாயைத் திறந்து மூச்சிரைக்கின்றன. பால் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. பால் சங்கத்தில் பாலின் சத்தும் குறைவாகக் காட்டுகிறது. மூன்று முறை சினை ஊசி போட்டும் தங்கவில்லை. எப்போதும் தெளிக்கும் மருந்துக்கு உண்ணி சாவதில்லை. இரண்டு மடங்கு கலக்கலாமா? வெயில் தாங்கும்படி மரபணுவைத் திருத்திய மாடு அமெரிக்காவில் வந்துவிட்டதாக மகன் செய்தியில் படித்துச் சொல்கிறான். அது நமக்குக் கிடைக்குமா? இல்லையென்றால் இவற்றை விற்றுவிட்டு நம் நாட்டு இனமான ஆலம்பாடி மாடு வாங்கலாமா?

பதில்: அம்மா, உண்ணி மருந்தை இரண்டு மடங்கு கலக்கவே கலக்காதீர்கள். மூச்சிரைக்கும் பசுவின் மேல் கூடுதல் மருந்து பட்டு, அதை அது நக்கியும் விட்டால் நடுக்கம் கண்டு விழுந்துவிடும். விற்கும் யோசனையையும் மழைக்காலம் வரை தள்ளி வையுங்கள். வெயிலில் வாடிய மாட்டுக்குச் சந்தையில் பாதி விலைதான் கிடைக்கும்.

எச்.எஃப். இனம் ஐரோப்பாவின் குளிர்ந்த வடகடல் ஓரத்தில் பாலுக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டது. நிழலில் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதன் உடல் சிரமப்படத் தொடங்கும். ஓசூர், தளி மேட்டுப்பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இந்த மாடு ஓரளவு பிழைத்துக்கொள்கிறது. தருமபுரி நகரம் அதில் பாதி உயரத்தில்தான் இருக்கிறது. ஓசூர்க்காரர் வீட்டில் நன்றாகக் கறக்கிறதே என்று இங்கே வாங்கி வந்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

2024-ஆம் ஆண்டுதான் உலகில் இதுவரை பதிவானவற்றிலேயே வெப்பம் மிகுந்த ஆண்டு. தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிட அந்த ஆண்டின் வெப்பம் சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டது. ஒன்றரை டிகிரிதானே என்று தோன்றும். பகலில் உடம்பில் ஏறிய சூட்டைப் பசு இரவுக் காற்றில்தான் இறக்கிக்கொள்கிறது. இரவும் புழுக்கமாக இருந்தால், மறுநாள் விடியும்போதே அது களைத்துப்போய்த்தான் எழுந்திருக்கும்.

நாளை மதியம் இரண்டு மணிக்கு ஒரு காரியம் செய்யுங்கள். பசுவுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்று, இடுப்பெலும்புக்கு முன்னால் விலாவின் பின்புறம் உள்ள பள்ளத்தைப் பாருங்கள். அது ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் வெப்ப அயர்ச்சி தொடங்கிவிட்டது. 80-ஐத் தாண்டினால் பால் குறையாமல் இருக்காது. நூறைத் தாண்டி, நாக்கு வெளியே வந்து எச்சில் ஒழுகினால் உடனே நிழலில் நிறுத்தி உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று பசுக்களுக்கும் தனித்தனியாக எண்ணிக் குறித்து வையுங்கள். இந்தக் கணக்கு பின்னால் இன்னொரு முடிவுக்கும் தேவைப்படும்.

தகரம் அல்லது சிமென்ட் ஷீட் கொட்டகையாக இருந்தால் கூரைமேல் தென்னங்கீற்றோ கரும்புச் சோகையோ பரப்புங்கள். கீற்று கிடைக்காவிட்டால் கூரையின் மேற்புறம் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். பகலில் மாட்டைப் புளியமரத்தடியிலோ வேப்பமரத்தடியிலோ கட்டினால் எந்தக் கொட்டகையையும்விட நல்லது. ஈரச் சாக்கை மாட்டின் முதுகில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் அந்தச் சாக்கு சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். சாக்கைக் கொட்டகையின் பக்கவாட்டில் தொங்கவிட்டு நனைப்பதும், மாட்டின் மேல் தண்ணீர் தெளித்து மின்விசிறியை ஓடவிடுவதும்தான் பலன் தரும். சித்திரையில் நம் பக்கம் காற்று வறண்டிருப்பதால் ஈரம் சீக்கிரம் காய்ந்து உடம்பு குளிரும். ஐப்பசிப் புழுக்கத்தில் இதே முறை அவ்வளவாக எடுபடாது.

தீவனம் வயிற்றில் நொதிக்கும்போது உண்டாகும் சூடு, தின்ற மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். பத்து மணிக்குத் தீவனம் வைத்தால் வெளி வெயிலும் உள் வெயிலும் ஒரே நேரத்தில் பசுவைத் தாக்கும். விடியற்காலை ஐந்தரை மணிக்குள் ஒரு பங்கும், சூரியன் சாய்ந்த பிறகு இரண்டு பங்குமாகப் பிரித்துக் கொடுங்கள். கேழ்வரகுத் தட்டை இரவில் போடுங்கள். பகலில் நறுக்கிய பசுந்தீவனம் கொஞ்சம் போதும். கறக்கும் பசு ஒன்று கோடையில் நாளைக்கு 80 முதல் 100 லிட்டர் தண்ணீர் குடிக்கும். வேளைக்கு ஒரு வாளி காட்டினால் போதாது. தொட்டியை நிழலில் வைத்து எப்போதும் நிறைத்திருங்கள். மூச்சிரைப்பிலும் எச்சிலிலும் உப்பும் காரச்சத்தும் வெளியேறி வயிறு புளித்துவிடுகிறது. நார்த்தீவனத்தையும் குறைவாகத் தின்கிறது. சங்கத்தில் சத்து குறைவாகக் காட்டுவதற்கு இவையே காரணமாக இருக்கலாம். அடர்தீவனத்தோடு 50 கிராம் சமையல் சோடா, 50 கிராம் தாதுஉப்புக் கலவை, 30 கிராம் சாப்பாட்டு உப்பு தினமும் சேருங்கள்.

சினை தங்காததற்கு ஊசி போட்டவரைக் குறை சொல்லாதீர்கள். உடற்சூடு கருமுட்டையையும், கரு உருவான முதல் சில நாட்களையும் கெடுக்கிறது. முட்டை பல வாரங்கள் முன்பிருந்தே வளர்ந்து வருவதால், வெயில் தணிந்த பிறகும் ஓரிரு மாதம் இந்தப் பாதிப்பு தொடரும். கோடையில் பருவ அறிகுறி இரவில் வந்து சில மணி நேரத்தில் அடங்கியும்விடும். படுக்கப் போகும் முன்னும் விடியற்காலையிலும் ஒருமுறை மாட்டைப் பாருங்கள். முடிந்தால் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் சினைக்குச் சேருங்கள். ஏறக்குறைய 280 நாள் சினை என்பதால் ஆவணி முதல் ஐப்பசி வரைக்குள் கன்று ஈனும், அதிகம் கறக்கும் காலம் குளிரில் அமையும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பால் வற்றிய சினைப்பசுவை நாம் யாரும் கவனிப்பதில்லை. கறக்கும் மாட்டுக்கு மின்விசிறி, வற்றிய மாட்டுக்கு வெயில் என்பதே ஊர் வழக்கம். சினையின் கடைசி வாரங்களில் தாய் வெப்பத்தில் வாடினால், அதன் வயிற்றில் இருக்கும் கிடாரிக் கன்று வளர்ந்து ஈன்ற பிறகும் குறைவாகவே கறக்கிறது என்று அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தக் கிடாரி ஈன்ற பேத்திவரை பாதிப்பு தொடர்ந்ததும் 2020-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. மூன்று தலைமுறை நட்டம் அம்மா இது. கொட்டகையில் இருக்கும் நல்ல நிழலைச் சினைப்பசுவுக்கு முதலில் கொடுங்கள்.

அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். வெப்பத்தில் உழைப்பவர்கள் பற்றி உலக சுகாதார நிறுவனமும் உலக வானிலை அமைப்பும் 2025 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டன. சிறுநீரகக் கோளாறும் நீரிழப்பும் அதில் பெரிதாகப் பேசப்பட்டிருக்கின்றன. பதினொரு மணிக்கு மேல் புல் அறுக்கப் போகாதீர்கள்.

இனி உண்ணி. ஒரு பெண் உண்ணி மாட்டிலிருந்து விழுந்து 2,000-க்கும் அதிகமான முட்டை இடும். உங்கள் கொட்டகைச் சுவரின் விரிசலில் ஒரு பழைய கத்தியை விட்டுச் சுரண்டிப் பாருங்கள்; கேழ்வரகைக் கொட்டியதுபோல் செம்பழுப்பாக உதிரும். அதுதான் முட்டை. அவ்வளவு பெரிய கூட்டத்தில், மருந்து நரம்பில் பிடிக்கும் இடம் பிறவியிலேயே சற்று மாறியிருக்கும் உண்ணி ஒன்றிரண்டாவது இருக்கும். நீங்கள் மருந்து தெளிக்கும்போது மற்றவை செத்துப்போக, அவை மட்டும் தப்பி முட்டை இடும். அடுத்த ஆண்டு அந்த வாரிசுகள்தான் கொட்டகை முழுவதும் இருக்கும். இந்தியாவின் பல மாநிலங்களில் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் மருந்துகளுக்கு உண்ணி இப்படி எதிர்ப்புத்திறன் பெற்றிருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. மருந்தின் அளவைக் கூட்டினால், அதையும் தாங்குபவற்றை நாமே பொறுக்கி வளர்த்ததாகிவிடும்.

கடையில் வேறு பெயர் கொண்ட டப்பாவை வாங்கினால் மருந்து மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், ஃபுளுமெத்ரின் மூன்றும் ஒரே குடும்பம். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். அமிட்ராஸ் வேறு வகையைச் சேர்ந்தது. கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில், மாலை வேளையில் மட்டும் தெளியுங்கள். ஐவர்மெக்டின் ஊசியைக் கறவை மாட்டுக்குப் போடாதீர்கள். அது பாலில் பல நாள் வரும், அந்தப் பாலை உங்கள் பேரப்பிள்ளையும் குடிப்பான்.

சுவர் விரிசல்களைச் சுரண்டி எரித்துவிட்டுச் சுண்ணாம்பும் சிமென்டும் பூசி அடையுங்கள். உண்ணியின் பெரும்பகுதி மாட்டின் மேல் இல்லை, கொட்டகையிலும் மேய்ச்சல் நிலத்திலும்தான் இருக்கிறது. மூலிகை முறையும் உதவும். பூண்டு பத்துப் பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பங்கொட்டை ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், துளசி ஒரு கைப்பிடி, உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி ஆகியவற்றை அரைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி வாரம் ஒருமுறை உடம்பில் தடவுங்கள். உண்ணிச்செடி தின்றால் மாட்டுக்கு விஷம். அரைத்த சக்கையைக் கொட்டகையில் போட்டுவிடாதீர்கள். நாட்டுக்கோழிகளை உள்ளே மேயவிட்டால் கீழே விழும் உண்ணியைப் பொறுக்கித் தின்னும், ஆனால் ரசாயன மருந்து தெளித்த நாட்களில் வேண்டாம்.

மடிநோய்க்குப் போடும் ஆன்டிபயாடிக் ஊசியிலும் இதே ஆபத்து இருக்கிறது. இரண்டு நாளில் வீக்கம் வடிந்ததென்று பாதியில் நிறுத்தினால் தப்பிய கிருமி மருந்துக்கு அடங்காததாக வளரும், அது மனிதருக்கும் பரவும். கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொடுப்பதை 2019-இல் மத்திய அரசு தடை செய்தது இந்தக் கவலையால்தான்.

உங்கள் மகன் படித்த செய்தி உண்மைதான். கரீபியன் கடலின் செயின்ட் குரோய் தீவில் உருவான செனிபோல் இன மாட்டுக்கு முடி மிகக் குட்டையாக, வழுவழுப்பாக இருக்கும். வெப்பத்திலும் அதன் உடற்சூடு அதிகம் ஏறாது. புரோலாக்டின் என்ற ஹார்மோன் செல்லில் ஒட்டும் இடத்துக்கான மரபணுவில் நேர்ந்த ஒரு சிறு மாற்றமே காரணம் என்று 2014-இல் கண்டுபிடித்தார்கள். வெனிசுவேலாவின் லிமொனெரோ இனத்தில் அதே மரபணு வேறோர் இடத்தில் மாறி, அதே குட்டை முடி தனியாகவே தோன்றியிருக்கிறது. வெயில் நாட்டில் மாடு பிழைப்பதற்கு இயற்கை ஒரே வழியை இரண்டு இடத்தில் தேடிக்கொண்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அந்த மாற்றத்தை ஆய்வகத்தில் புகுத்திப் பிறக்கவைத்த இறைச்சி மாடுகளால் ஆபத்து குறைவு என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 மார்ச்சில் முடிவு சொன்னது. ஆனால் உங்கள் ஊருக்குச் சினை ஊசி போட வருபவர் உறைவிந்து கொண்டுவரும் நைட்ரஜன் குடுவையில் அது இல்லை. காத்திருக்க வேண்டாம்.

காத்திருக்கத் தேவையும் இல்லை. ஐரோப்பிய மாட்டின் மூதாதையும் நம் திமில் மாட்டின் மூதாதையும் சில லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. சிந்து சமவெளிப் பக்கம் ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன்பு பழக்கப்பட்ட திமில் மாட்டுக்குக் குட்டை முடியும், தொங்கும் தாடியும், அதிக வியர்வைச் சுரப்பிகளும், உண்ணியைத் தாங்கும் தோலும் பிறவிச் சொத்து. ஆனால் ஆலம்பாடி உழவுக்கும் வண்டிக்கும் வளர்ந்த இனம்; கன்றுக்குப் போக ஒன்றிரண்டு லிட்டர் கறந்தால் பெரிது. பால் பணத்தில் கடன் கட்டும் வீட்டுக்கு அது மாற்றாகாது. ஆசையிருந்தால் கூடுதலாக ஒன்று வளருங்கள். உங்கள் காரிமங்கலத்திலேயே ஆலம்பாடி மாட்டின ஆராய்ச்சி மையம் இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

எச்.எஃப். பசுக்களுக்கு அடுத்த முறை எச்.எஃப். உறைவிந்து வேண்டாம். சாகிவால், சிவப்பு சிந்தி, அல்லது ஜெர்சி கலப்பினக் காளையின் உறைவிந்து கேளுங்கள். பிறக்கும் கன்றில் அயலினப் பங்கு பாதியை ஒட்டி இருந்தால் நம் சமவெளிக்குப் போதும். ஜெர்சிப் பசுவை எக்காரணம் கொண்டும் விற்காதீர்கள். மதியத்தில் மூச்சு குறைவாக வாங்கி, பாலையும் அதிகம் குறைக்காத பசு எது என்று நீங்கள் எண்ணி வைத்த கணக்கு சொல்லும். அதன் கிடாரிக் கன்றையே வீட்டில் நிறுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை: விடியற்காலையில் உடற்சூடு 104 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, தோளுக்கு முன்னால் கட்டி வீங்கினாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ அது வெயிலால் வந்ததாக இருக்காது, உண்ணியால் பரவும் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே 1962-ஐ அழையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். சினை ஊசி போட்ட தேதிகளையும், போட்ட விந்து எந்த இனம் என்பதையும், மூன்று பசுக்களின் மூச்சுக் கணக்கையும் எழுதி அனுப்புங்கள். எந்தப் பசுவுக்கு எந்த மாதத்தில் ஊசி போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.