மதிப்பீட்டாளர் பதிவு: கேட்டதும் சொன்னதும்

இராமநாதபுரத்தில் நிலம், கட்டடம் மதிப்பிடுவதுதான் என் பிழைப்பு. மதிப்பீட்டாளராக முறைப்படிப் பதிவு செய்துகொள்வது பற்றியும் இந்த வேலை பற்றியும் நிறையப் பேர் கேட்டதால் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

பரமக்குடித் தம்பி: சிவில் டிப்ளமோ முடித்து எட்டு வருசம் வேலை பார்த்திருக்கிறேன். போதுமா அண்ணே?

போதாது தம்பி. சிவில், கட்டடக்கலை, நகரமைப்பு, இதில் ஒன்றில் பட்டமும் அதற்குப் பிறகு 5 வருட அனுபவமும் வேண்டும். முதுநிலை என்றால் 3 வருடம். பட்டத்துக்கு முன்னால் பார்த்த வேலை கணக்கில் வராது.

தொண்டி அக்கா: தேர்வு கடினமா?

பயப்படும்படி இல்லை. முதலில் மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் உறுப்பினராகி 50 மணி நேர வகுப்பை முடிக்க வேண்டும். அப்புறம் 2 மணி நேரக் கணினித் தேர்வு. 60 சதவீதம் எடுக்க வேண்டும். தப்பான விடைக்குக் கால் பங்கு கழியும், அதனால் குருட்டாம்போக்கில் குறிக்காதீர்கள். தேறி 3 வருடத்துக்குள் திவால் வாரியத்தில் (IBBI, மதிப்பீட்டாளர்களைப் பதிவு செய்யும் மத்திய அமைப்பு) பதிவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். அந்தப் பதிவு வந்ததும் வங்கிகள் கூப்பிடும் என்று நினைக்காதீர்கள். அது கம்பெனிச் சட்டம், திவால் வேலைகளுக்கானது. வங்கி தன் பேனலில், அதாவது தன் மதிப்பீட்டாளர் பட்டியலில், தனியாகச் சேர்க்க வேண்டும்.

உச்சிப்புளி நண்பர்: கடலோரத் தென்னந்தோப்பை எப்படி மதிப்பிடுவது?

இங்கேதான் நம் ஊர் மதிப்பீட்டாளருக்கு நிஜப் பரீட்சை. வழிகாட்டி மதிப்பைப் பார்த்து எழுதிவிடாதீர்கள், அது முத்திரைத்தாள் கட்டணத்துக்கான கணக்கு. கிராமப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து (ஓதத்தின்போது கடல்நீர் ஏறும் உச்ச எல்லை) 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை. 2019-இன் கடலோர ஒழுங்குமுறை மண்டல (CRZ) அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைக்கிறது. அந்தப் பகுதிக்கு எந்தக் கடலோர மண்டல வரைபடம் நடப்பில் இருக்கிறது என்று பார்த்த பிறகே 'ரிசார்ட் கட்டலாம்' என்கிற பேச்சுக்குக் காது கொடுங்கள்.

தொடக்கத்தில் மண்டபம் பக்கம் ஒரு நிலம் பார்க்கப் போனேன். பட்டாவில் 40 ஏர், அதாவது சுமார் 99 சென்ட். புலப்படத்தை (நில அளவை வரைபடம்) கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கல்லைத் தேடினால், ஒரு கல் அலைக்குள் நிற்கிறது! பட்டா அப்படியேதான் இருந்தது, நிலம்தான் குறைந்துவிட்டது. இருக்கிற தரையை மட்டும் அளந்து எழுதினேன். அந்த நிலத்தை வைத்துக் கடன் கேட்டவருக்கு என் மேல் ரொம்ப நாள் கோபம். அது முதல் வில்லங்கச் சான்று, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) எல்லாம் பார்த்தாலும் டேப்பும் ஜிபிஎஸ்ஸும் இல்லாமல் கிளம்புவதில்லை. கிணற்றுத் தண்ணீரையும் வாயில் வைத்துப் பார்ப்பேன். உப்புக் கரித்தால் தோப்புக்கு ஒரு விலை, நல்ல தண்ணீர் என்றால் வேறு விலை.

ஏர்வாடித் தரகர்: மதிப்பை ஏத்திப் போட்டால் விற்ற தொகையில் பங்கு தரேன் என்கிறார்களே, வாங்கலாமா?

வாங்கக் கூடாது. நடத்தை விதியிலேயே அதற்குத் தடை இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிய கட்டணம் எதுவோ அதுதான் நமக்கு. என்னிடம் யாராவது அப்படிப் பேச்செடுத்தால் அந்தக் கோப்பை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.