மாடு வண்டி ஏறும் முன்னும் இறங்கிய பின்னும்: கேள்வி பதில்

சந்தையில் மாடு பிடித்து வருவது, வெளிமாநிலத்திலிருந்து கறவை மாடு இறக்குவது, வழியில் நோய் தொற்றாமல் பார்ப்பது பற்றிக் கேள்விகள் நிறைய வந்துவிட்டன. கால்நடை மருத்துவராக மருந்தகத்திலும் சோதனைச் சாவடியிலும் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர், சந்தையில் ரெண்டு மாடு வாங்கி வேன்ல ஏத்தணும். என்ன பேப்பர் கையில இருக்கணும்?

முதலில் கால்நடை மருத்துவரின் சான்று. மாடு பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது, தொற்றுநோயோ ஒட்டுண்ணி நோயோ இல்லை என்று அதில் எழுதியிருக்க வேண்டும். விலங்குகள் போக்குவரத்து விதிகள், 1978 இதைக் கட்டாயமாக்குகிறது. சான்று இல்லாத மாட்டை ஏற்றக் கூடாது என்று வண்டிக்காரருக்கும் அதே விதி சொல்கிறது. "மாட்டுக்காரர் பார்த்துக்குவார்" என்று டிரைவர் கையை விரிக்க முடியாது. அனுப்புகிறவர், பெறுகிறவர் பெயரும் முகவரியும், மாடுகளின் எண்ணிக்கை, கூடவே வரும் தீவன அளவு எல்லாம் சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். முதலுதவிப் பெட்டியும் வேண்டும்.

இதோடு தடுப்பூசி விவரத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். காதுவில்லையில் இருக்கும் 12 இலக்க எண்ணும் தாளில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். தரகர் படித்துக் காட்டுவதை நம்ப வேண்டாம்.

கேள்வி: எல்லாச் சான்றும் இருந்தது சார். மாடு வந்து நாலாம் நாள் வாயில் நுரை தள்ளி, குளம்பிடுக்கில் புண். மற்ற மாடுகளுக்கும் பரவிவிட்டது. டாக்டர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாரா?

அப்படி முடிவு கட்ட வேண்டாம். நீங்கள் சொல்வது கோமாரி நோய் போலிருக்கிறது. அதன் கிருமி உடலில் புகுந்து அறிகுறி காட்ட இரண்டு நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகலாம். அதைவிட மோசமான சங்கதி, புண் வெளியே தெரிவதற்கு முன்பே மாடு மூச்சிலும் எச்சிலிலும் பாலிலும் கிருமியைக் கக்கத் தொடங்கிவிடும். மருத்துவர் பார்த்த காலையில் காய்ச்சல் இல்லை, அசை போட்டது, நன்றாக நடந்தது என்றால் அவர் எழுதியது பொய்யில்லை. சான்று அந்த ஒரு நாளின் நிலவரம்தான். அதற்கு முந்தைய வாரம் அந்த மாடு எந்தச் சந்தையில் எதன் பக்கத்தில் நின்றது என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

சந்தை மாட்டை விட, நேரே பட்டியிலிருந்து வாங்கும் மாடு மேல் என்று நான் சொல்வது இதனால்தான். அங்கே கூட நிற்கும் மற்ற மாடுகளையும் பார்க்கலாம், கடைசியாகக் கோமாரி ஊசி எப்போது போட்டார்கள் என்று கேட்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசி அது. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசமாகவே போடுகிறார்கள்.

கேள்வி: அப்போ ஏத்துற அன்னைக்குக் காலையிலேயே ஊசி போட்டுட்டா போதுமா அண்ணா?

தாளில் "போட்டாச்சு" என்று காட்ட உதவும், மாட்டுக்கு உதவாது. எதிர்ப்புச் சக்தி ஊற இரண்டு மூன்று வாரம் ஆகும். ஏற்கெனவே உள்ளே புகுந்த கிருமியை ஊசி தடுக்காது. அதோடு பயணமே மாட்டுக்குப் பெரிய அலைச்சல். தண்ணீர், தீனி குறைந்து களைத்த மாடு ஊசிக்கும் சரியாக ஈடுகொடுக்காது. குறைந்தது 21 நாள் முன்னால் போட்டதாக இருக்கட்டும். விற்பவர் அவசரப்படுத்தினால், முன்பணம் கொடுத்துவிட்டு மாட்டை அங்கேயே நிற்க வையுங்கள்.

கேள்வி: நான் வண்டி ஓட்டுறவன் சார். ஒவ்வொரு லோடுக்கும் வண்டியைக் கழுவணும்னு சொல்றாங்க. சாணியை வாரிட்டுத் தண்ணி அடிச்சா போதாதா?

போதாது தம்பி. கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு, மாடு ஏற்றும் வண்டியை ஏற்றுவதற்கு முன்பும் இறக்கிய பின்பும் கழுவிக் கிருமி நீக்க வேண்டும் என்கிறது. வழியில் மாட்டை இறக்கிக் கட்டிய இடத்துக்கும் இது பொருந்தும்.

முறை முக்கியம். சாணமும் வைக்கோலும் ஒட்டியிருக்கும்போது எந்த மருந்தும் வேலை செய்யாது. முதலில் சுரண்டி, பிறகு சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கோமாரிக் கிருமிக்குச் சோடா போன்ற காரமும் ஆகாது, அமிலப் புளிப்பும் ஆகாது. அதனால் விலை குறைந்த சலவைச் சோடாவே நல்ல மருந்து: லிட்டருக்கு 40 கிராம் கரைத்து அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவிவிடுங்கள். மாட்டின் தோலில் கட்டி கட்டியாகக் கிளம்பும் தோல் கழலை நோயின் கிருமி, உதிர்ந்து காய்ந்த பொருக்கில் ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். அதற்கு 2 முதல் 3 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

எல்லோரும் மறப்பது டயர், பின்கதவின் உள்பக்கம், கயிறு, தரையில் விரிக்கும் தேங்காய்நார்ப் பாய், அப்புறம் உங்கள் செருப்பு. கழுவிய தண்ணீர் குட்டைக்கோ வாய்க்காலுக்கோ போகக் கூடாது. மிச்ச வைக்கோலை "வீணாகப் போகிறதே" என்று வேறு மாட்டுக்குப் போடாமல் எரித்துவிடுங்கள்.

கேள்வி: குட்டி யானையில் எத்தனை மாடு ஏற்றலாம்?

ஒன்று. 2016 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகன விதிப்படி ஒரு மாட்டுக்கு இரண்டு சதுர மீட்டர் இடம் வேண்டும். அந்த வண்டியின் தளம் நான்கு சதுர மீட்டர்கூட வராது. லாரியானாலும் ஆறுக்கு மேல் கூடாது என்று 1978 விதி சொல்கிறது. கூட வேறு சரக்கு ஏற்றக் கூடாது.

கேள்வி: நோய் வந்த பகுதியென்று அரசு அறிவித்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்? அறிவித்த பிறகு மாட்டை வெளியே கொண்டுபோகவே முடியாதா?

"கட்டுப்பாட்டுப் பகுதி" என்று அறிவித்தால் உள்ளூர்ப் பத்திரிகையில் தமிழில் வர வேண்டும், உள்ளூர் மொழியில் உரக்க அறிவித்து, தண்டோராவும் போட வேண்டும் என்று 2009 சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இன்று தண்டோராவைவிட வாட்ஸ்அப் வேகமாக வந்துவிடுகிறது, ஆனால் பாதி புரளி. கால்நடை மருந்தகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

அறிவித்துவிட்டால் அந்த இன விலங்குகளின் நடமாட்டம் நிற்கும். சந்தை, கண்காட்சி கிடையாது. நோய் கண்ட மாடு மட்டுமல்ல, அது தொட்ட தீவனம், படுக்கை வைக்கோல், செத்த மாட்டின் தோல்கூட வெளியே போகக் கூடாது. அந்தப் பகுதி வழியாக ரயிலில் போகும் மாடுகளுக்கு விலக்கு உண்டு, வழியில் இறக்காத வரை. 2022இல் தோல் கழலை நோய் குஜராத்தையும் ராஜஸ்தானையும் உலுக்கியபோது பல மாநிலங்களில் சந்தைகள் மூடப்பட்டன. அந்த நோயைக் கொசுவும் ஈயும் உண்ணியும் பரப்பும் என்பதால் "சந்தையை மூடி என்ன பயன்" என்று கேட்டவர்கள் உண்டு. ஈ கொஞ்ச தூரம்தான் பறக்கும். அடுத்த மாவட்டத்துக்கு நோயைச் சுமந்து போவது லாரியில் ஏறிய மாடுதான்.

கேள்வி: இத்தனை கெடுபிடியால் எந்த நோயாவது ஒழிந்திருக்கிறதா ஐயா?

ஒழிந்திருக்கிறது. வெக்கை நோய். ஊர் ஊராகப் பட்டிகளைக் காலி செய்த நோய் அது. இந்தியாவில் கடைசியாக 1995இல் நம் வடாற்காட்டுப் பக்கம்தான் தலைகாட்டியது. 2006இல் இந்தியாவும் 2011இல் உலகமும் அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஊசியோடு நடமாட்டக் கண்காணிப்பும் சேர்ந்துதான் அதைச் சாதித்தது.

கேள்வி: பக்கத்துத் தொழுவத்தில் நோய் இருக்கிறது, மறைக்கிறார்கள். யாரிடம் சொல்வது? சொன்னால் பகை வருமே?

மாட்டுக்குப் பொறுப்பானவர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ சொல்வது சட்டப்படி கடமை. நேரே கால்நடை மருந்தகத்துக்கோ 1962 எண்ணுக்கோ சொல்லலாம். மறைத்தால் முதல்முறை அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்தான். என் கருத்தில் இது யாரையும் பயமுறுத்தாத தொகை. கறவை மாட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பால் விற்பனை நின்றுவிடுமோ என்ற பயம்தான் மறைக்க வைக்கிறது, அதை அபராதம் தீர்க்காது. அவரிடம் நீங்களே பேசிப் பாருங்கள். சீக்கிரம் சொன்னால் சுற்றுவட்டாரத்து மாடுகளுக்கு ஊசி சீக்கிரம் வரும், உங்கள் மாட்டுக்கும் சேர்த்து.

கேள்வி: வழியில் மாடு செத்துவிட்டால்?

ஓரமாகத் தள்ளிவிட்டு ஓட்டுவது, ஆற்றில் விடுவது இரண்டும் குற்றம். மூக்கு, ஆசனவாய் வழியாக உறையாத கருரத்தம் வந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அறுக்காதீர்கள், தோலுரிக்காதீர்கள், வெறும் கையால் தொடாதீர்கள். அது மனிதருக்கும் வரும், காற்றுப் பட்டால் அதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டு கிடக்கும். பக்கத்து மருத்துவரை அழையுங்கள். ஆழக் குழி தோண்டிப் புதைப்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: வீட்டில் இடம் குறைச்சல் டாக்டர். புது மாட்டைத் தனியாகக் கட்டுவது எத்தனை நாள்?

மூன்று வாரம். தோல் கழலை நோய் பரவும் காலமாக இருந்தால் 28 நாள். தனிக் கொட்டகை இல்லாவிட்டாலும், ஒன்றின் மூக்கு மற்றதைத் தொடாத தூரத்தில் கட்டுங்கள். தொட்டி, வாளி, கயிறு தனி. பழைய மாடுகளைக் கறந்துவிட்டுக் கடைசியில் புது மாட்டுக்குப் போங்கள், வந்ததும் கை கால் கழுவுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் காய்ச்சல் பார்க்க ஒரு தெர்மாமீட்டர் போதும். 103 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் அன்றே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், புண் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.